குறை சொல்லிச் சாப்பிடு

எடையைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்து இரைப்பையைச் சிறிதாக்கிக்கொண்ட பிறகு, அவள் பள்ளி வேன் ஓட்டத் திரும்பும் முதல் நாள் அது. காலை உணவு உள்ளே தங்கினால்தான் கிளம்ப முடியும். மூன்று நாளாகத் தங்கவில்லை.

விடுதியில் நூறு பேருக்குச் சமைக்கும் கணவன், முட்டையும் பனீரும் உதிர்த்த பொரியலை நீட்டினான். “கொஞ்சம்தான் செஞ்சேன்.”

தட்டில் ஆறு முட்டையாவது இருக்கும்.

“இதுவா கொஞ்சம்? உங்க விடுதிப் பசங்களையும் கூப்பிடுங்க” என்றவள், மளமளவென்று விழுங்கத் தொடங்கினாள்.

அவன் தட்டைப் பிடுங்கினான். “இப்படி முழுங்கித்தான் வாந்தி எடுக்கிறியா?”

“ஆசையா செய்றீங்க. எப்படி மிச்சம் வைக்கிறது?”

அவன் சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டி மட்டும் வைத்தான். “நான் ருசி பார்க்கிற மாதிரி சாப்பிடு. துளி எடுத்து, மென்னு, என்ன குறைன்னு சொல்லு.”

“மிளகு தூக்கல்.”

“என் சமையல்லயா? இன்னொரு வாய் மென்னு பாரு.”

குறை தேடித் தேடி மென்றதில் இருபது நிமிடம் போயிற்று. அதன்பின் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். குமட்டவில்லை.

“வண்டிச் சாவி எங்கங்க?”

மிச்சத்தைத் தின்றுகொண்டிருந்தவன், வாய் நிறைய முட்டையோடு சுவர் ஆணியைக் காட்டினான்.