பிளீச்சிங் கோடு

ஆகாயத்தாமரையை வேரோடு இழுத்துக் கரையில் போடுவதுதான் எங்கள் வேலை. மராட்டிக்கார ஊரான போசரிப் பக்கத்து ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நானும் மரியம்மாளும் அடுத்தடுத்து நின்று இழுப்போம். கால் எப்போதும் ஊறியே கிடக்கும். அவளைவிட நான் மூத்தவள். வேலைக்கும் முன்னால் வந்தவள்.

ஏரித் தண்ணீரை ஆராய்ச்சி செய்கிற பார்கவி மேடம் கோயம்புத்தூர்க்காரர். ஜனங்களுக்கு ஏரியைப் பற்றிச் சொல்லும் கூட்டங்களுக்கு எங்களில் ஒருத்தியை எடுக்கப் போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடம், சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு என்று போக வேண்டும். தண்ணீரில் இறங்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மரியம்மாளைப் பேசச் சொல்லிவிட்டு, "சரியா வந்தா இவங்களையே வெச்சுக்கலாம்" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி என்ன பெரிய வேலை? ஏரியில் வலை விட்டு அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்ட வேண்டும். சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் சாக்கடை, தும்பிக் குஞ்சும் இருந்தால் ஏரி பிழைக்கும் என்று சொல்ல வேண்டும். அதற்குப் போய் அவள் தாமரை இழுக்கும்போதெல்லாம் பேசிப் பழகினாள். அதையும் என்னிடமே.

"விசாலக்கா, 'பகா, பகா', பாருங்க பாருங்கன்னு மராட்டில கூப்பிட்டா கிட்ட வருவாங்கல்ல?"

"நீ ஆடுனாக்கூட வருவாங்கடி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எனக்கு எரிந்தது.

ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்பே போனேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்றால் கரையைக் கூட்டி, பிளீச்சிங் பவுடரில் வெள்ளைக் கோடு போடுவது எங்கள் வழக்கம். மேஸ்திரி சொல்லவே வேண்டாம். மேடம் கண்ணில் என் வேலை பட வேண்டும் என்று படித்துறை வரை நூல் பிடித்த மாதிரி போட்டேன். கூட்டத்துக்காக மேஜை போட்டிருந்த படித்துறையில் தண்ணீர் நாறியது. மிச்சப் பவுடரை மூட்டையோடு அங்கேயே தண்ணீரில் கவிழ்த்தேன்.

சொசைட்டி ஜனம் குழந்தைகளோடு வந்தது. மரியம்மாள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். கால் காய்ந்து சுத்தமாக இருந்தது. படித்துறையில் வலையை விட்டு அள்ளித் தட்டில் கொட்டினாள். ஒன்றும் நெளியவில்லை. புழு, நத்தை, தும்பிக் குஞ்சு எல்லாம் அசையாமல் கிடந்தன. அவள் முகம் செத்துப்போனது. என் நெஞ்சு குளிர்ந்தது.

மேடம் குனிந்து மோந்து பார்த்தார். கரைக் கோட்டைப் பார்த்தார். "யார் இதைப் போட்டது?"

மரியம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பெரியவங்க வந்தா நாங்க எல்லாருமே போடுறதுதான் மேடம்" என்றாள்.

பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு ஜனத்துக்குள் போனாள். பாதி இந்தி, பாதி மராட்டி.

"பகா! நீங்க வர்றீங்கன்னு ஏரிக்குப் பவுடர் பூசுனோம். இதுங்க பூராவும் செத்துப்போச்சு. நேத்து வரைக்கும் உங்க சாக்கடையக் குடிச்சுக்கிட்டே உசுரோட இருந்துச்சுங்க. உங்க பாத்ரூம்ல கொட்டுற பவுடர் எங்க போகுதுன்னு நெனச்சீங்க?"

ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கைதட்டினார்கள், மேடமும் சேர்ந்து. பழகி வைத்திருந்த பேச்சைப் பேசியிருந்தால் இதில் பாதிகூட விழுந்திருக்காது. என் பவுடர், என் கோடு. கைதட்டல் அவளுக்கு.

அன்றே அவளை எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் நான் தண்ணீரில் நின்றேன், படித்துறைப் பவுடர் எட்டாத அந்தக் கோடியில். அவள் கரையில் வந்து நின்றாள்.

"விசாலக்கா, பள்ளிக்கூடத்துக்குப் போறோம். தட்டுல போட உசுரோட ஒரு நத்தையாவது இருக்கா பாருங்களேன்."

இழுத்த வேரில் ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் வைத்து மூடினேன்.

"எங்கடி இருக்கும்? அதான் எல்லாம் செத்துப்போச்சே."

அவள் செருப்புச் சத்தம் தேயும் வரை கையை விரிக்கவில்லை. உள்ளே அது ஊர்ந்துகொண்டே இருந்தது.