அவசரத் தொடர்பு எண் இரண்டு

நாற்பத்தோரு பக்கங்களை வென்று முடித்த விசில் டீச்சர், நாற்பத்திரண்டாவது பக்கத்தில் மண்ணைக் கவ்வினார். அப்போது மணி நாலேகால். ஐந்து மணிக்கு வனத்துறையின் அனுமதி இணையதளம் கதவை இழுத்துச் சாத்திவிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.

அவர் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் மூன்று தெரு தள்ளிப் போகிற தண்ணீர் லாரி பிரேக் போட்டு நிற்கும். இருபது வருஷமாகப் பேட்டைப் பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் நடத்திக் கூட்டிப் போகிறார். முன்பெல்லாம் வன அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினால் முத்திரை குத்தித் தருவார்கள். இப்போது எல்லாமே ஆன்லைன். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு குழந்தை பிறந்து, தவழ்ந்து, பல் முளைத்துவிடும். பதினாறு பிள்ளைகளின் புகைப்படங்கள், பதினாறு அம்மா அப்பாக்களின் கையெழுத்துகள். ஒவ்வொன்றும் இருநூறு கே.பி.க்கு மேல் போகக் கூடாது, நூற்றுத்தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது. தங்கத்தைக்கூட யாரும் இவ்வளவு கறாராக நிறுத்ததில்லை. ஒரு அப்பா அனுப்பிய கையெழுத்துப் படத்தில் பாதிக்கு மேல் அவருடைய கட்டைவிரல். 'ஒவ்வாமை' என்ற கட்டத்தில் ஒரு அம்மா 'கணக்கு வாத்தியார்' என்று எழுதியிருந்தார். டீச்சர் அத்தனையையும் திருத்தி, சுருக்கி, நிமிர்த்தி ஏற்றிவிட்டார். பிள்ளைகள் ஒரு வாரம் முன்பே பை கட்டியாயிற்று. ஒருத்தி புது ஷூவைக் கழற்றாமலே மூன்று நாளாகத் தூங்குகிறாளாம்.

இப்போது வந்து நின்றது இதுதான்: குழுத் தலைவரின் அவசரத் தொடர்பு எண் இரண்டு. அதே முகவரியில் வசிக்காத இரத்த உறவினர். அவர் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று போகும். அதை இங்கே நிரப்ப வேண்டும்.

எண் ஒன்றில் கணவரைப் போட்டாயிற்று. இரண்டில் வெளிநாட்டில் இருக்கும் மகனைப் போட்டுப் பார்த்தார். அவன் எண்ணில் இரண்டு இலக்கம் அதிகம் என்று கட்டம் வாயை மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரரைத் தம்பி ஆக்கிவிடலாம். ஆனால் பொய்த் தகவல் தந்தால் குழுவுக்கு ஐந்து வருஷத் தடை என்று சிவப்பு எழுத்து கண் சிமிட்டியது.

"இரத்தத்துக்கு எங்க போறது நான்? பிளட் பேங்க்லயா?" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார்.

மேஜையின் மறுகோடியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கணவர், தலை நிமிராமல், இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலப் பத்து இலக்கங்களை ஒப்பித்தார்.

"யாரு நம்பர் அது?"

"உன் தங்கச்சியோடது."

டீச்சருக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்று, யோசித்து, திரும்பி வந்தது. தங்கையோடு பேசிப் பதினோரு வருஷம். "அவ நம்பர் உங்களுக்கு எப்படி மனப்பாடம்?"

"அவ பிறந்த நாளுக்கு நான் பேசுவேன். உன் பிறந்த நாளுக்கு அவ பேசுவா."

"வருஷத்துக்கு ரெண்டு தடவை பேசினா மனப்பாடம் ஆயிடுமா?"

"பொழுது போகலேன்னாலும் பேசுவோம்" என்றார் கணவர், பீன்ஸிடம்.

அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட நேரமில்லை. டீச்சர் எண்ணைத் தட்டினார். 'மூன்று முறை மட்டுமே அனுப்பப்படும். ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் செல்லும்' என்று வந்தது. அழுத்திவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார். தங்கைக்குப் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் வேலை. எடுத்ததுமே பின்னால் துளை போடும் கருவி கீச்சிட்டது.

"ஹலோ, ஒரு நம்பர் வந்திருக்கும், அதைச் சொல்லு."

"உங்கள மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். அடுத்து என்ன, பேங்க் மேனேஜர் பேசறேன்னு சொல்வீங்களா? வெக்கமாயில்ல?"

பட்டென்று வைத்துவிட்டாள். முதல் எண் செத்தது.

இரண்டாவது எண்ணை அனுப்பச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை கணவரின் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டார்கள். "சொல்லுங்க அத்தான்" என்று அவள் குழைந்ததைக் கேட்டதும் டீச்சரின் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கல்யாணச் சமையலே செய்திருக்கலாம். கைப்பேசியைப் பிடுங்கி, விஷயத்தைச் சொன்னார்.



"இதை யாருக்கும் சொல்லாதீங்கன்னு போட்டிருக்கு" என்றாள் தங்கை. "அக்காவுக்கு மட்டும் சொல்லலாம்னு எங்கயும் காணோமே."

"ஏய், பதினாறு பசங்கடி."

"அன்னிக்கு ஆறு பசங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்கு?"

இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு நடைப் பயணத்தில் தங்கைதான் துணைப் பொறுப்பாளர். பாதை பிரிகிற இடத்தில் ஆறு பிள்ளைகளோடு இடப்பக்கம் போனவள் முட்புதருக்குள் மாட்டிக்கொண்டாள். நாலு மணி நேரம் தேடினார்கள். யாருக்கும் கீறலுக்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம். டீச்சர் எழுதினார்: துணைப் பொறுப்பாளர் அறிவுறுத்தலை மீறினார். அறிக்கை நகல் எல்லாப் பெற்றோருக்கும் போயிற்று. தங்கை அதன்பின் எந்தக் குழுவோடும் நடந்ததில்லை. அக்கா வீட்டு வாசலையும் மிதித்ததில்லை.

"எவ்வளவு வருஷமாச்சு! அதை இன்னும் தூக்கிச் சுமக்கறியா?"

"நீ எழுதிட்டு இறக்கி வெச்சுட்ட. நான்தானே சுமக்கணும்? வெச்சிடறேன், டாக்டர் கூப்பிடறார்."

இரண்டாவது எண்ணும் செத்தது. மணி நாலு ஐம்பது. டீச்சர் எழுந்து கூடத்தில் மூன்று சுற்று நடந்தார். இணையதளத்தைத் திட்டினார். அதைச் செய்தவனை, அவனுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவனை, இரத்தத்தைக் கண்டுபிடித்தவனை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துத் திட்டினார். திட்ட ஆள் தீர்ந்துபோனது.

"நீங்க கேட்டா சொல்லுவா. கேளுங்களேன்" என்றார் கணவரிடம்.

"கேட்கலாம்." கணவர் கத்தியைக் கீழே வைத்தார். "ஆனா நான் கேட்க மாட்டேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் அந்த மனிதர் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை. டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கடைசி எண்ணை அனுப்பச் சொல்லி அழுத்தினார்.

நாலாவது மணியில் தங்கை எடுத்தாள்.  இந்தத் தடவை துளைச் சத்தம் இல்லை. வெளியே வந்து நின்றிருப்பாள் போல, காற்று இரைந்தது.

மைதானத்தில் ஐந்நூறு பிள்ளைகளை ஒரே சொல்லில் நிறுத்தி வைத்த குரல் இப்போது இருமியது. "இடதுன்னு நான்தான் சொன்னேன்."

"கேக்கல."

"கேட்டிருக்கும்."

"சத்தமா சொல்லு. அத்தானுக்கும் கேக்கணும்."

கடைசி எண் சாக, திரையில் ஒரு நிமிஷம் பத்து வினாடி மிச்சம் இருந்தது. டீச்சர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"மேப்பை நான் தலைகீழாப் பிடிச்சிருந்தேன். இடதுன்னு சொன்னேன். நீ போன. அறிக்கை எழுதறப்பவே எனக்குத் தெரியும்." டீச்சர் நிறுத்தவில்லை. "நான் ஒத்துக்கிட்டா அப்புறம் எந்த அம்மா என்னை நம்பிப் பிள்ளையை அனுப்புவா? அதான் எழுதினேன்."

"என்னை நம்பியும்தான் யாரும் அனுப்பல."

ஐம்பது வினாடி. நாற்பத்தைந்து. கணவர் கைக்குட்டையை எடுத்து, கண்ணைத் துடைப்பதா மூக்கைத் துடைப்பதா என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தார். நாற்பது. தங்கை மூக்கை உறிஞ்சும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"எழுதிக்கோ" என்றாள். "ஏழு."

ஆறு கட்டங்களில் முதல் கட்டத்தில் ஏழு வந்து உட்கார்ந்தது. டீச்சரின் விரல் அடுத்த கட்டத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. எதிர்முனையில் காற்றுக்கு நடுவே தங்கை அடுத்த இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள்.