ராகு காலத்தில் அணைத்த கம்ப்யூட்டர்

ஸ்ரீரங்கத்தில் ஆனந்தவள்ளி பிளக்ஸ் கடை திறந்த விஜயதசமியன்று, நல்ல நேரம் பார்த்துத் தட்டிவிட்ட கம்ப்யூட்டரை அதற்கப்புறம் அணைத்ததே கிடையாது. ஏற்றிய விளக்கை எவனாவது ஊதுவானா என்பது அவள் கட்சி. கரண்டு போனால் பேட்டரி, பேட்டரி போனால் ஜெனரேட்டர். அந்தக் கம்ப்யூட்டர் சூட்டில்தான் தெருவில் பாதி வீட்டு இட்லி மாவு புளித்தது. அதன்மேல் படுத்த பூனை பேரன் பேத்தி எடுத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணன் மகள் யாழினிக்குக் கல்யாண வரவேற்பு. மண்டபத்துக்குப் பேனர் அடிக்கிற வேளையில் பழைய பிரிண்டர் உயிரை விட்டது. புதியது வந்து இறங்கிற்று. அது யாரென்றே தெரியாது என்றுவிட்டது கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ். ஊருக்கெல்லாம் பேனர் அடிப்பவள் வீட்டுக் கல்யாணத்தில் வாசல் மொட்டையாக நின்றால், தில்லை நகரில் எதிர்க்கடை போட்டிருக்கும் மலர்க்கொடி பந்தியில் சிரித்தே புரையேறிச் செத்துவிடுவாள்.

சித்தார்த்தனைக் கூப்பிட்டார்கள். எடமலைப்பட்டி புதூர்க்காரன், மாப்பிள்ளைக்குச் சித்தப்பா மகன். லினக்ஸில் புலி என்று அவனே சொல்லிக்கொள்வான். மணப்பாறைச் சந்தைத் தராசில் தான் லினக்ஸ் போட்ட நாள்முதல் மாடுகள் தாமே வரிசையில் வந்து எடை பார்த்துப் போவதாகச் சொன்னான். அவள் மறுக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் மாடென்ன, மலைக்கோட்டையே வரிசையில் நிற்கும்.

லினக்ஸுக்குக் கெர்னல் என்றொரு உயிர்நாடி உண்டு, அதன் மூலநிரலை இறக்கி வைத்து அதற்குப் பொருந்தத்தான் பிரிண்டரோடு பேசும் டிரைவர் நிரலைக் கம்பைல் செய்ய முடியும் என்று விளக்கினான். பொங்கலுக்குத் தான் வந்து போட்ட புதுக் கெர்னலின் மூலநிரலை இறக்கினான். டிரைவர் கம்பைல் ஆயிற்று. கெர்னல் அதை வாசலோடு திருப்பியனுப்பியது. பிரிண்டர் மட்டம் என்றான். மறுபடி இறக்கினான். காவிரிக் காற்றில் ஈரம் என்றான். டீ குடித்தான். தொட்டவன் எவனோ கைராசியில்லாதவன் என்றான். அவனைத் தவிர யாரும் தொட்டதில்லை.

எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று அப்புறம்தான் பார்த்தான். விஜயதசமிக் கெர்னலே ஓடிக்கொண்டிருந்தது. அணைத்து ஏற்றாததால் பொங்கல் கெர்னல் டிஸ்க்கில் தூங்கியது. அவன் தூங்குகிறவனுக்கு அளவெடுத்து, ஓடுகிறவனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். பழையதின் மூலநிரலோ இறக்குகிற இடத்தில் இப்போது இல்லை.

“ரீஸ்டார்ட் பண்ணணும் அத்தை. நீங்கதான் அணைக்கக் கூடாதுன்னீங்க.”

“அணைக்க வேணாம்னேன் தம்பி. பொங்கலன்னிக்கு எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சொல்லி வடை தின்னுட்டுப் போகச் சொல்லலீங்களே.”

ராகு காலம் பிறந்திருந்தது. அவன் பகுத்தறிவு பேச ஆரம்பித்தான். அவள் காலண்டரைப் பார்த்து யோசித்தாள். ராகு காலத்தில் ஒன்றை ஆரம்பிக்கத்தான் கூடாது. அணைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் ஏது? அணைத்தாள். தெரு முழுக்க மாவு பொங்குவதை நிறுத்தியது. பூனை குடும்பத்தோடு வீடு மாறியது.

அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ராகு காலம் கழிந்ததும் தன் கையால் ஏற்றினாள். புதுக் கெர்னல் விழித்து, டிரைவரை மூச்சுக்காட்டாமல் உள்ளே விட்டது. மாப்பிள்ளை கார் திரும்பும்போது மண்டப வாசலில் பேனர் மை காயாமல் தொங்கிற்று. மலர்க்கொடி அண்ணாந்து பார்த்து, எழுத்து கொஞ்சம் சின்னது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பந்தியில் சித்தார்த்தன் பக்கத்து இலைக்காரருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். லினக்ஸை ரீஸ்டார்ட் செய்யவே தேவையில்லையாம். விவரம் கெட்டவர்கள்தான் செய்வார்களாம். பாயச வாளி அவன் இலைக்கு வந்தது. ஆனந்தவள்ளி பரிமாறுகிறவர் கையைப் பிடித்து அடுத்த இலைக்கு நகர்த்தினாள்.

“தம்பிக்கு வேணாமாம்.”