நாலு அங்குல நேர்த்தி

நேர்த்திக்கடன் வைப்பது தப்பில்லை. ஆனால் வைக்கிறவர்கள் கொஞ்சம் வாயை அளந்து வைக்க வேண்டும். ஆனந்தமேரி அளக்கவில்லை. அவள் புருஷன் மிக்கேல் பட்ட பாடு அத்தனைக்கும் அதுதான் ஆரம்பம்.

எண்பத்தொன்றில், கடலூர் சாலையில் ஒரு லாரி இடித்துத் தள்ளியதில் மிக்கேலின் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். "நடப்பாரு. வண்டி ஓட்டுவாரான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனந்தமேரி அங்கேயே வராந்தாவில் முட்டி போட்டாள். இந்தக் கால் மறுபடியும் கிளட்ச் மிதிக்கட்டும் தாயே, என் ஊர் மாதா குகைக்கு, அந்தக் கெபிக்குப் புதுசாக உன் சுரூபம் செய்து தருகிறேன், இவர் ஓட்ட, இவருடைய வண்டியிலேயே கொண்டுவந்து இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

சுரூபத்தோடு நிறுத்தியிருக்கலாம். வண்டியை யார் இழுக்கச் சொன்னது?

கால் ஒரு வருஷத்தில் மிதிக்க ஆரம்பித்துவிட்டது. முன்பு போல இல்லை. கிளட்சைப் பாதியில் பிடித்தபடி ரொம்ப நேரம் வைத்திருந்தால் முட்டி நடுங்கும். அதை மிக்கேல் யாரிடமும் சொல்வதில்லை. சாரம் பகுதியில் தன் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஜீப் முகப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு, கல்யாணப் பாத்திரம், வாழைத்தார், பந்தல் கொம்பு என்று கிடைத்ததை ஏற்றி இறக்கிப் பிழைப்பு நடந்தது. சுரூபம் செய்ய மேலும் இரண்டு வருஷம் பிடித்தது. எண்பத்துநாலு ஆகஸ்டில் அது தயாராகிவிட்டது. நாலரை அடி மாதா, நீல முக்காடு, சுண்ணாம்பு மாவில் வார்த்தது. செய்து கொடுத்தவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கழுத்தும் விரலும்தான் பயம். குலுங்காம எடுத்துக்கிட்டுப் போங்க."

குலுங்காமல் போவது இருக்கட்டும், போய்ச் சேருவதே பெரிய கேள்வியாக இருந்தது. ஆனந்தமேரியின் ஊருக்கு ரெட்டியார்பாளையம் தாண்டி, விழுப்புரம் சாலையிலிருந்து தெற்கே மண் சாலையில் திரும்ப வேண்டும். ஊருக்கு அரை மைல் முன்னால் வாய்க்கால் மேல் ஒரு பழைய மதகு. இந்தப் பக்கம் செங்குத்தாக ஏறி, அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கும். நடுவில் கருங்கல். போன வருஷம் மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது பிக்கப் அந்த உச்சியில் வயிறு தட்டி உட்கார்ந்துகொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. பதினெட்டுப் பேர் கல்யாண வேட்டியோடு வந்து தூக்கிவிட்டார்கள். மிக்கேல் அன்றைக்குப் பந்தியில் தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை.

மச்சான் பிரான்சுவா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சிப்பாய்க்கு உள்ள பிரெஞ்சு வார்த்தையால், 'சொல்தா' என்றால்தான் ஊரில் தெரியும். எதையும் உத்தரவாகத்தான் சொல்வார். "மதகு வரைக்கும் உன் வண்டி. அங்க மாட்டு வண்டி நிக்கும், மாத்தி ஏத்திக்கலாம். முடிஞ்சு போச்சு" என்றார்.

"நான் மாட்டு வண்டியிலயா வேண்டிக்கிட்டேன்?" என்றாள் ஆனந்தமேரி.

ஆக வண்டியைத் தூக்க வேண்டும். மிக்கேல் மதகுக்குச் சைக்கிளில் போய், கயிறு பிடித்து அளந்து வந்தான். நாலு அங்குலம் உயர்ந்தால் வயிறு தப்பிக்கும். பக்கத்துத் தெரு அரிகிருஷ்ணன் மில்லில் பிட்டர். மில்லில் அப்போது வேலைநிறுத்தம், கை துறுதுறுவென்று இருந்தது. கூப்பிட்ட குரலுக்கு வந்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அச்சின் மேல் வண்டியைத் தாங்கும் வில்பட்டைகள் வளைவெல்லாம் போய் நேராகப் படுத்திருந்தன.

"மூணு வழி இருக்குது மிக்கேலு" என்று அடியிலிருந்தே குரல் கொடுத்தான். "மெட்ராஸ்ல புது செட்டு வாங்கி மாட்டுறது ஒண்ணு."

"அத விடு." மிக்கேல் ஏற்கெனவே விலை கேட்டுவிட்டு, வாங்கிய டீயைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தவன்.

"அச்சுக்கும் பட்டைக்கும் நடுவுல இரும்புக் கட்டை வெச்சுத் தூக்கலாம். செலவே இல்ல. பின்னாடி வெக்கலாம், முன்னாடி வெக்கக் கூடாது. பிரேக்கு மிதிச்சா அச்சு திருகிக்கும். அப்புறம் உன் பொண்டாட்டி வேற நேர்த்தி வெக்கணும்."

"மூணாவது?"

"இருக்கற பட்டையக் கழட்டி, உலையில போட்டு, வளைவு ஏத்தி, கூட ஒண்ணு சேத்துக் கட்டறது. மெனக்கேடு ஜாஸ்தி. ஆனா நிக்கும்."

முன்னால் மூன்றாவது வழி, பின்னால் இரண்டாவது வழி என்று முடிவானது. இரண்டு நாள் வேலை. உலைக்காரர் பட்டைகளைப் பழுக்கக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தார். பழைய இரும்புக் கடையில் ஒரு லாரியின் பட்டைகள் கிடைத்தன. முன்னால் பக்கத்துக்கு ஒன்று போதும். பின்னால் கட்டையே போதும், பட்டை தேவையே இல்லை. ஆனால் அரிகிருஷ்ணன் இருபது வருஷம் மில் இரும்போடு மாரடித்தவன். மெலிசாக இருப்பது உடையும், தடியாக இருப்பது நிற்கும் என்பதுதான் அவனுடைய வேதம். பக்கத்துக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று லாரிப் பட்டையைச் சேர்த்துக் கட்டிவிட்டான்.

"எதுக்குண்ணே இவ்ளோ?" என்று மிக்கேல் கேட்டான்.

"ஒரு வாட்டி செய்யறோம். ஆயுசுக்கும் இருக்கட்டும்."

பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட்டுகளை நாலு முழக் குழாய் மாட்டி இறுக்கினான். வண்டி உயர்ந்ததில் பிரேக் ஆயில் ஓடும் ரப்பர் குழாய் கொடிக்கயிறு மாதிரி விறைத்துக் கிடந்ததை மிக்கேல்தான் பார்த்தான். நல்ல வேளை. நீளமான குழாய் வாங்கி மாற்றினார்கள். ஜாக்கியை இறக்கியபோது பிக்கப் நிமிர்ந்து நின்றது. மிக்கேல் நாலு பக்கமும் கயிறு பிடித்துப் பார்த்தான். நாலே கால் அங்குலம். சந்தோஷத்தில் அரிகிருஷ்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான்.

எதிர்வீட்டுத் தையல்நாயகி கூடையோடு நின்று பார்த்தாள். "ஏறதுக்கு ஏணியும் நீங்களே குடுப்பீங்களா, இல்ல நாங்க கொண்டாரணுமா?" என்றாள்.

ஆனந்தமேரி சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு மண்பானையில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்தாள். "இத வைக்கோல்ல வெச்சு ரெட்டியார்பாளையம் வரைக்கும் போய்ட்டு வாங்க. பானை முழுசா வந்தா மாதாவும் முழுசாப் போவாங்க."

சாரம் தாண்டுவதற்குள்ளேயே மிக்கேலுக்குச் சங்கதி தெரிந்துவிட்டது. ஒரு சின்னப் பள்ளத்துக்கும் வண்டி ஒரு முழம் எகிறியது. பட்டை வளைந்து கொடுத்தால்தானே? லாரிப் பாரத்துக்குச் செய்த இரும்பு, காலிப் பிக்கப்பை ஒரு பாரமாகவே நினைக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது வைக்கோல் நனைந்திருந்தது. பானையின் கழுத்து தனியாகக் கிடந்தது.

ஆனந்தமேரி அந்த வளையத்தைக் கையில் எடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்து மாடத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் மிக்கேலுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

ஊர்த் திருவிழாக் கொடியேற்றத்துக்கு இன்னும் இரண்டே நாள், அதற்குள் சுரூபம் கெபியில் இருக்க வேண்டும். அரிகிருஷ்ணன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். கூடுதல் பட்டையைக் கழற்றிவிடலாம் என்றால், அவன் இறுக்கிய இறுக்கில் யு போல்ட்டின் மரைகள் நசுங்கிப் போயிருந்தன. கழற்றினால் அவற்றையே திரும்ப மாட்ட முடியாது. இந்த நீளத்துக்குப் புதுசு செய்து வர நாலு நாள் ஆகும்.

"பாரம் ஏத்துவோம்" என்றான் கடைசியில். "பாரம் இருந்தா பட்டை கொஞ்சம் அமுங்கும், குலுக்கு கொறையும். மணல் மூட்டை போடு."

இருபது மூட்டை மணல் போட்டார்கள். இன்னொரு பானை வைத்தார்கள். வண்டி மெத்தையாகப் போனது. பானையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த உற்சாகத்திலேயே மதகு வரைக்கும் விட்டார்கள். அங்கே உச்சியில் 'கர்ர்' என்று சத்தம். மிக்கேல் இறங்கி, குனிந்து பார்த்தான். மணல் பாரத்தில் வண்டி இறங்கி, வயிறு பழையபடி கருங்கல்லில் உரசிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முதுகொடிய வேலை பார்த்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாயிற்று. அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

"மாட்டு வண்டியே சொல்லிடலாம் மேரி" என்றான் மிக்கேல். அதைச் சொல்ல அவனுக்குக் கேவலமாக இருந்தது. மூன்று வருஷம் ஒரு பெண்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். நாலு அங்குலம் தூக்கிக் கொடுக்கக்கூட நமக்குத் துப்பில்லையே என்று மனசு வெந்தது.

ஆனந்தமேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மணல் தானா எறங்காது" என்றாள். "மனுஷன் எறங்குவான் இல்ல?"

கூடவே வந்திருந்த அரிகிருஷ்ணன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான். அப்புறம் தன் தலையில் தானே அடித்துக்கொண்டான். "யம்மா! மில்லுல உன்ன வெச்சிருக்கணும், என்ன வெச்சது தப்பு."

தெருவில் ஆள் பிடிப்பது கஷ்டமாக இல்லை. வேலைநிறுத்தத்தில் மில் ஆட்கள் சும்மாதானே இருந்தார்கள். அம்மாவாசை, வடிவேல், தையல்நாயகி, அவள் நாத்தனார் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். மாதா பேர் சொல்லிக் கூப்பிட்டால் வராமல் இருப்போமா என்றார்கள். எடை அதிகமுள்ளவர்களுக்கு முதல் மரியாதை என்று அரிகிருஷ்ணன் அறிவித்தான். தையல்நாயகி அவனை முறைத்துக்கொண்டே முதலில் ஏறினாள். சுரூபத்தை நாலு புடவை சுற்றி வைக்கோலில் படுக்க வைத்து, சுற்றிலும் ஜனம் காலை நீட்டி உட்கார்ந்தது. மிக்கேலுக்குப் பக்கத்தில் ஆனந்தமேரி, கையில் செபமாலையோடு.

ரெட்டியார்பாளையம் வரை ஒரு குலுக்கல் இல்லை. மண் சாலையிலும் இல்லை. மதகுக்கு முன்னால் சொல்தா முழங்கால் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டியும் நின்றது. மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

"எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தினார். ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டி மெல்ல எழுந்தது. ஆட்கள் இருபக்கமும் வரிசையாக நின்றார்கள். "மேரி, நீயும் எறங்கு!"

"நேர்த்தி என்னுது. நான் எறங்க மாட்டேன்."

மிக்கேல் ஒன்றாம் கியரில் போட்டான். இப்போது பாரம் இல்லை, பட்டை கருங்கல்லாக இருக்கிறது. ஒரு வெட்டு விழுந்தாலும் மாதாவின் கழுத்து போய்விடும். நத்தை மாதிரிதான் ஏற வேண்டும், அதற்குக் கிளட்சைப் பாதியிலேயே பிடித்திருக்க வேண்டும். ஏறினான். முன்சக்கரம் உச்சியைத் தாண்டியது. சொல்தா தரையில் படுத்து அடியில் பார்த்தார். "ரெண்டு விரக்கடை இருக்குது! விடு! மெதுவா விடு!"

அப்போதுதான் முட்டி நடுங்க ஆரம்பித்தது.

முதலில் லேசாக. பிறகு தொடை முழுக்க. மிக்கேல் பல்லைக் கடித்தான். கால் விலகினால் வண்டி துள்ளும். ஐயோ, இவ்வளவு தூரம் வந்து இந்தக் காலா என்னைக் கவிழ்க்க வேண்டும் என்று நினைத்தான். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கையில்லை. அவளிடம் சொல்ல வாயும் வரவில்லை.

சொல்லத் தேவையிருக்கவில்லை. ஆனந்தமேரி செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குனிந்தாள். இரண்டு கையையும் அவன் இடது முட்டியில் ஊன்றி, உடம்புப் பாரம் முழுவதையும் அழுத்தினாள். நடுக்கம் அடங்கியது. "விடச் சொன்னா விடறேன். நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள்.

"கொஞ்சம்" என்றான் அவன். கொஞ்சம் விட்டாள். "இன்னும் கொஞ்சம்." விட்டாள். பின்சக்கரம் உச்சியில் ஏறி, நின்று, அந்தப் பக்கம் இறங்கியது. அடியில் ஒரு சத்தமும் இல்லை.

ஜனம் போட்ட கூச்சலில் மாடு மிரண்டு வண்டியோடு வயலில் இறங்கிவிட்டது. சொல்தா அதைப் பிடிக்க ஓடினார். எல்லோரும் திரும்ப ஏறிக்கொண்டார்கள். கெபிக்கு முன்னால் புடவைகளை அவிழ்த்துப் பார்த்தார்கள். கழுத்து இருந்தது. பத்து விரலும் இருந்தன. சொல்தா இரண்டு முறை எண்ணினார்.

சாயங்காலம் கொடியேறியது. கூட்டம் கலைந்தபின் மிக்கேல் கெபிப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். முட்டி இன்னும் வலித்தது. காலையிலிருந்து ஒரு விஷயம் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

"மேரி, இந்த நேர்த்தி செல்லுமா?"

"ஏன் செல்லாது?"

"என் கால் கிளட்ச் மிதிக்கணும்னுதான வேண்டிக்கிட்ட. பாதி நீதான மிதிச்ச."

ஆனந்தமேரி அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, முட்டியை நீவிவிட்டாள்.

"உங்க கால் மிதிக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றாள். "என் கை சும்மா இருக்கும்னு மாதாகிட்ட எப்பச் சொன்னேன்?"