கோடில்லாத குறி

எங்கள் பட்டிமுனைக்கு வரலாறு என்று ஏதாவது இருந்தால், அது மாடுகளின் பின்தொடையில்தான் இருந்தது. வன்னியின் மேற்குக் கரையில், கடலுக்கும் காட்டுக்கும் நடுவே, மாடு வளர்த்தே பிழைத்த சின்ன ஊர். வீட்டுக்கு ஒரு குறி. அதைச் சுடும் இரும்பை வீட்டுக்காரர் யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். அவர் செத்தால், பிள்ளைகள் கொல்லனிடம் கொடுத்து இரும்பின் அடியில் ஒரு சின்னக் கோடு வைப்பார்கள். அதற்குப் பிறகு சுடும் கன்றுகளுக்கெல்லாம் கோடு போட்ட குறிதான்.

இப்போது மாடுகள் அங்கே, நாங்கள் கடல் கடந்து கிங்ஸ்பரியில். எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கிறிஸ்துராஜா அண்ணைக்குத் திடீரென்று பாரம்பரியத்தில் பற்று வந்து, ஆண்டு ஒன்றுகூடலுக்கு எல்லா வீட்டுக் குறிகளையும் ஒரு பெரிய பலகையில் வரைவித்தார். முக்கால்வாசிக்கு அடியில் கோடு. அதைப் பார்த்தபடி சோறு தின்ன எனக்கு மனம் வரவில்லை. செத்தவர்கள் எல்லோரும் சுவரோரம் நின்று எங்கள் தட்டுகளைப் பார்ப்பது போலிருந்தது.

தவநாயகி அக்காவின் கணவர் தியாகராஜாவின் குறிக்குக் கோடு இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில், கட்டிக் கிடக்கும் மாடுகளை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று, இரும்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பிப் போனவர். பிறகு தகவலே இல்லை. கோடு போடுவோம் என்று அண்ணை சொன்னதும் அக்கா தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். திவசம் செய்யாதவர், பொட்டை அழிக்காதவர். விடியப்புறத்தில் கழுத்துமணிச் சத்தம் கேட்கிறது என்று என்னிடம் சொல்வார். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

சாப்பாடு முடிந்ததும், போன மாதம் ஊருக்குப் போய்வந்த சஞ்சயன் அங்கே எடுத்த வீடியோவைத் திரையில் போட்டான். ரோட்டை மறித்துக்கொண்டு மாடுகள். கடைசியில் ஒரு கன்று. அதன் தொடையில் தியாகராஜாவின் குறி. புண் ஆறாத புதுக் குறி, கோடு இல்லை.

"நிப்பாட்டு" என்றார் அக்கா.

 கன்று இந்த வருஷத்துக் கன்று, இரும்போ அவரிடம். அப்படியானால் ஆள் இருக்கிறார் என்று பின்னால் யாரோ சொல்ல, கிறிஸ்துராஜா அண்ணை சிலுவை போட்டுக்கொண்டார். அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

சஞ்சயன் மட்டும் சிரிக்கவில்லை. யார் சுட்டது என்று அக்கா கேட்க, தயங்கித் தயங்கிச் சொன்னான். தியாகராஜாவின் வீட்டு வளவில் இப்போது வேறு ஊர்க் குடும்பம் ஒன்று இருக்கிறது. கிணறு வெட்டும்போது இரும்பு கிடைத்ததாம். நல்ல இரும்பென்று துடைத்தெடுத்துத் தங்கள் கன்றுகளுக்குச் சுடுகிறார்களாம். எங்கள் வழக்கம் அவர்களுக்கு எங்கே தெரியும்?

"இரும்பு மட்டுமோ கிடந்தது?"

அவன் போனை அணைக்கப் போனான். அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு தம்பி. நான் தாங்குவன்."

"எலும்பும் கிடந்ததாம், அக்கா. ரெண்டு மாட்டின்ர. ஒரு ஆளின்ர. திரும்ப மூடிப்போட்டு, கிணத்தைத் தள்ளி வெட்டினவையாம்."

திரையில் அந்தக் கன்று அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. அக்காவும் அதைப் பார்த்தபடியே நின்றார். அழுதது நான்தான். பிறகு அவர் சஞ்சயனின் தோளைத் தொட்டார்.

"அந்த வீட்டுக்காரருக்குப் போன் எடு தம்பி. அவையில பிழையில்லை எண்டு சொல்லு. இனிச் சுடுற கன்றுக்குக் கோடு போடவேணும் எண்டும் சொல்லு."