நாற்பத்தொரு சதவீதம்

நூல்கண்டுப் பையைக் கீழே வைக்கும்போதே உஸ்மாவுக்குக் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து அந்த டிக் டிக் சத்தம் கேட்டது. எம்பிராய்டரி மிஷினுக்குப் பக்கத்தில் அவள் புருஷன் ஜாகிர் பரிசு வாங்கிய பிள்ளைபோல உட்கார்ந்திருந்தான். திரையில் டிஸ்கை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்தொரு சதவீதம்.

"கம்ப்யூட்டர் மெதுவா கீதுன்னு நோம்பு மாசம் பூரா பொலம்பிகினு இருந்தியே. அதான் நானே போட்டுட்டேன்."

"டிசைனெல்லாம் பென்டிரைவுல காப்பி எடுத்தீங்களா?"

ஜாகிர் தலையைச் சொறிந்தான். அந்தச் சொறிதலுக்கு என்ன பொருள் என்று பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளுக்கு அத்துப்படி.

டிஸ்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கிவிட்டால், கம்ப்யூட்டர் ஓட்டும் மிஷின் பாதிப் பூவில் நிற்காது, துணியில் முடிச்சும் விழாது. அது அவளுக்கும் தெரியும். அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருந்தாள். முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிவிட வேண்டும், அப்புறம்தான் டிஃப்ராக். ஏற்கெனவே முனகுகிற டிஸ்க், இந்தப் புரட்டலைத் தாங்குமோ தாங்காதோ. ஆறு வருஷமாக அவளே வரைந்த முந்நூற்று நாற்பது டிசைன்களும் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை. போதாக்குறைக்கு இன்று பூந்தமல்லி முழுக்கப் பராமரிப்பு வேலை, ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விடும். யுபிஎஸ் பேட்டரி செத்து மாதம் மூன்றாகிறது. மணி எட்டு நாற்பது. நல்லது செய்ய நினைத்தவனை எந்த வாயால் திட்டுவது? அவனை நகரச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தாள்.

"ஸ்டாப்புன்னு ஒண்ணு கீது. நடுவுல நிறுத்துனா எல்லாம் பூடுமோன்னு பயமா கீது உஸ்மா."

"நிறுத்தாங்காட்டி ஒம்போது மணிக்கு அதுவே நின்னுடும். அப்ப இன்னா பண்ணுவீங்க?"

பிஸ்மி சொல்லி ஸ்டாப்பை அமுக்கினாள். திரை வெளுத்து அப்படியே உறைந்தது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் டிஃப்ராக் நின்றது. பென்டிரைவைச் செருகி மொத்த டிசைன்களையும் இழுத்துப் போட்டாள். மீதம் முப்பத்தைந்து நிமிடம் என்று காட்டியது; கரண்ட் போக அவ்வளவு நேரம் இல்லை.

"வேணுங்கறத மட்டும் பாத்து எடேன்."

"எல்லாந்தான் வேணும்."

சொல்லிவிட்டாளே தவிர, அதை ரத்து செய்துவிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள். நிக்காஹ் துப்பட்டா ஓரம். மாதுளைக் கொடி. மயில் கழுத்து வேண்டுமா, வேண்டாமா? தாண்டிப் போனாள். தாண்டியது நெஞ்சில் சுருக்கென்றது. பதினேழாவது டிசைன் ஏறிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் ஃபேன் சட்டென்று வேகம் குறைந்து, மறுபடி சுழன்றது. இருவரும் நிமிர்ந்து அதையே பார்த்தார்கள். அவள் விரல் மட்டும் அடுத்ததை இழுத்துக்கொண்டிருந்தது.