அக்காவின் அட்டை

அகராதி அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. பதினொரு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவர். கூடப்பிறந்தவர் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆகிவிட்டது.

இனி ஒரு ஆள் போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்க இருவருக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைக் கொடுத்திருந்தார்: 'ஜாஸில்' (jostle). கூட்டத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டு போவது. பொருளும், அந்தச் சொல் எதிலிருந்து பிறந்தது என்பதும் மாலைக்குள் வேண்டும்.

காலையில் பேருந்தில் முழங்கைகளுக்கு நடுவே நின்றுதான் வந்திருந்தேன். அதனால் பொருள் எழுத அதிக நேரம் பிடிக்கவில்லை.

"குதிரை வரைக்கும் போனியாடி?" என்றார் அக்கா. குதிரைவீரர்கள் ஈட்டியோடு மோதும் பழைய போட்டியின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

"போனேன்க்கா."

"ஈட்டிய நீட்டிக்கிட்டு ஆளுக்காளு மோதிக்கிறானுங்க. நம்மள பேனாவோட விட்டாரே மனுஷன்."

சிரிக்க இருவருக்கும் தெம்பில்லை.

ஒவ்வொரு சொல்லையும் ஓர் அட்டையில் எழுதுவோம்; ஒருவர் எழுதிய அட்டையை மற்றவர் சரிபார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது மேலே போகும். அன்றும் மாற்றிக்கொண்டோம். அக்கா என் அட்டையைப் படிக்கவே இல்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

அவர் அட்டை குதிரைவீரர்களோடு நின்றிருந்தது. அந்த மோதலின் பெயருக்கும் பின்னால் ஒரு லத்தீன் சொல் உண்டு. அதற்கு 'அருகில்' என்றுதான் பொருள். என் அட்டையில் அது இருந்தது. நான் சும்மா கையெழுத்திட்டால் போதும், வேலை எனக்கு. வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான்.

எழுதி முடித்த பிறகுதான் கவனித்தேன். அவர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால், என் எழுத்தில்: 'இன்னும் ஒரு படி பின்னால். லத்தீன். அருகில்.' பதினொரு வருடம் பழகிய கை.

அழிப்பான் அக்கா பக்கம் இருந்தது. கேட்டால் எதற்கு என்பார்.

அட்டையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைப் பேனாவால் உள்ளே சேர்த்து எழுதினார். என் பென்சில் வரியை மெதுவாக அழித்துத் துகளை ஊதிவிட்டார்.

மேலாளர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "ஒண்ணுக்கொண்ணு குறையே இல்ல. அப்ப மூத்தவங்களே இருக்கட்டும்."

இழுப்பறையைக் காலி செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு சால்வை, ஒரு தம்ளர்.

"நானா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்டி" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல்.

"எழுதியிருப்பீங்கக்கா. கை கேக்காது."

அவர் அழிப்பானை மேசையின் நடுவுக்குத் தள்ளி வைத்தார்.